கரந்தை பூக்கும் கண்மாய்

"நம்ம ராஜபாளையத்துக்குன்னு சொந்தமான ஆஸ்டர் எது சித்தப்பா?"

அமெரிக்காவில் குடியிருக்கும் அண்ணன் மகள் கேட்ட கேள்வி. அவள் வீட்டு வாசலில் அந்த ஊர்க் காட்டு ஆஸ்டரை வளர்க்கிறாள். மற்ற பூவெல்லாம் ஓய்ந்த பிறகு, நமக்குப் புரட்டாசி ஐப்பசி ஆகும் நாட்களில், அது ஊதா நிறத்தில் பூத்துக் குலுங்குமாம். மெக்சிகோவை நோக்கிக் கூட்டமாகப் பறக்கும் மோனார்க் பட்டாம்பூச்சிகளுக்கு வழியில் கிடைக்கும் கடைசித் தேன்களில் அதுவும் ஒன்று. அதனால் அங்கே வீட்டுத்தோட்டம் போடுகிறவர்கள், கடையில் விற்கும் பகட்டான வகைகளை விட்டுவிட்டு, சொந்த மண்ணின் ஆஸ்டரைத் தேடி நடத் தொடங்கியிருக்கிறார்கள். நம் ஊரில் அந்த இடத்தில் எந்தச் செடி நிற்கிறது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசை. கேள்வி எனக்கும் ஒட்டிக்கொண்டது.

ஆஸ்டர் குடும்பம் என்பதைத் தமிழ்ப் பாடநூல்கள் சூரியகாந்திக் குடும்பம் என்று சொல்லும். பூக்கும் செடிகளிலேயே மிகப் பெரிய குடும்பங்களில் ஒன்று. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். இந்தக் குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று கிள்ளுவது உண்மையில் ஒரு பூ அல்ல. செவ்வந்தியைப் பிய்த்துப் பார்த்தால் ஒவ்வொரு இதழும் தனித்தனியாக ஒரு சிறு பூவாக இருக்கும். சூரியகாந்தியின் நடுவட்டத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள் சுருள்சுருளாக அடுக்கி நிற்கும். பல பூக்கள் சேர்ந்து ஒரே பூவாக நின்று வண்டையும் தேனீயையும் அழைக்கின்றன. இந்த அடையாளத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் தேடத் தொடங்கினேன்.

ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர். பூவைப் பற்றி யோசிப்பவன் அங்கே போகாமல் எங்கே போவது? பெரியாழ்வார் நந்தவனம் வைத்த ஊர். துளசிப் பாத்தியில் ஆண்டாள் கிடைத்தாள் என்று சொல்லும் இடம் இன்றும் கோயிலையொட்டி இருக்கிறது. புரட்டாசிப் பிரம்மோற்சவத்தில் திருப்பதிப் பெருமாளுக்குப் போகும் ஆண்டாள் மாலையில் துளசியும் செவ்வந்தியும் சம்பங்கியும் இருக்கும். செவ்வந்தி ஆஸ்டர் குடும்பம். தேர் வீதிப் பக்கம் பூக்கட்டும் ஒரு பெரியம்மாவிடம், இதில் நம் ஊருக்கே சொந்தமான பூ எது என்று கேட்டேன். கை நிற்கவில்லை. "ஆண்டாளே சூடிக்கிடுதா. இதவிடச் சொந்தம் வேற என்ன வேணும் தம்பி?" என்றார்.

அந்தப் பதிலை நான் மதிக்கிறேன். ஆனால் செடிக்கு இன்னொரு பிறந்த ஊர் உண்டு. செவ்வந்தி சீனத்துச் செடி. அங்கே ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தோட்டத்தில் வளர்த்துத் தேர்ந்தெடுத்து, ஜப்பானுக்குப் போய் அரச முத்திரையே ஆன பூ. சம்பங்கி மெக்சிகோவைச் சேர்ந்தது. ஆண்டாளின் இடக்கையில் நாள்தோறும் புதிதாகச் செய்து வைக்கும் கிளியைப் பாருங்கள்: மாதுளம்பூ மூக்கு, காக்காப்பொன் கண், மரவள்ளி இலை உடம்பு. மரவள்ளி தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா 1880களில் அதைப் பரப்புவதில் மிகுந்த ஆர்வம் காட்டினார். எங்கிருந்து வந்தாலும் நல்லதை எடுத்துச் சாமிக்குச் சூட்டுவது இந்த மண்ணின் குணம். மாலையை வைத்து மண்ணின் செடியைக் கண்டுபிடிக்க முடியாது என்பதை இங்கேயே தெரிந்துகொண்டேன்.

செவ்வந்தி வெளியூர்ப் பூ என்பது நம் முன்னோருக்குத் தெரியாததா? திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றும் பெயர். அந்தத் தலத்தின் புராணம் சைவ எல்லப்ப நாவலர் பாடிய செவ்வந்திப் புராணம். சாரமா முனிவர் அங்கே செவ்வந்தி நந்தவனம் வைத்தார், அதன் பூ திருட்டுப் போய் அரசனிடம் சேர்ந்தது, அந்தக் குற்றத்தால் உறையூரே மண்மாரியில் புதைந்தது என்பது கதை. எனக்கு முக்கியமாகப் பட்டது கதையின் தொடக்கம். முனிவர் செவ்வந்தியை நாகலோகத்திலிருந்து கொண்டுவந்தாராம். இந்தப் பூ இங்கே முளைத்ததல்ல, வேறு உலகத்திலிருந்து வந்தது என்கிற நினைவு கதைக்குள் பத்திரமாக இருக்கிறது.

வளர்ப்பவனுக்கும் இந்த நினைவால் பயன் உண்டு. சீனத்தின் குளிர்ந்த இலையுதிர்காலப் பூ என்பதால் செவ்வந்தி இரவு நீளும்போதுதான் மொட்டு வைக்கும். இரவெல்லாம் தெருவிளக்கு வெளிச்சம் படும் இடத்தில் தொட்டியை வைத்துவிட்டு, செடி செழிப்பாக இருக்கிறதே, ஏன் பூக்கவில்லை என்று தவிப்பவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. செடிக்கு ஒரு குறையும் இல்லை. அதற்கு இருட்டு போதவில்லை. வேர்ப்பக்கம் கிளம்பும் கன்றைப் பிரித்துச் சித்திரை வைகாசிக்குப் பின் நட்டு, நுனி கிள்ளிவிட்டு, இருட்டு விழும் மூலையில் வைத்தால் பூக்கும். செடி பிறந்த ஊர் தெரிந்தால் பாதி வைத்தியம் தெரிந்த மாதிரி.

மாலையில் கிடைக்காத விடை பாட்டில் கிடைக்கலாம் என்று பெரியாழ்வார் திருமொழியை எடுத்தேன். கண்ணனைப் பூச்சூட வா என்று யசோதை அழைப்பதாக ஒரு பதிகம் உண்டு. எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டில் இதே ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்துப் பூப்பறித்தவர் பாடியது. ஆகவே ஒரு தோட்டக்காரரின் பட்டியலாகவே அதைப் படிக்கலாம். செண்பகம், மல்லிகை, பாதிரி, செங்கழுநீர், புன்னை, குருக்கத்தி, இருவாட்சி, கருமுகை என்று போகிறது. செவ்வந்தி இல்லை. சம்பங்கியும் இல்லை. ஆனால் மருவோடு சேர்த்துத் தமனகம் வருகிறது.

தமனகம் என்றால் தவனம். பூக்கடையில் மரிக்கொழுந்து என்று கேட்டால் எடுத்துத் தருவது. சாம்பல் பூத்த பச்சையில், இழை இழையாகப் பிளந்த இலை; கிள்ளினால் விரலை விட்டுப் போகாத வாசம். இந்தச் செடி ஆஸ்டர் குடும்பம்தான், மாசிப்பத்திரிக்குத் தங்கை. மஞ்சளாகக் கடுகளவில் தொங்கும் அதன் பூவை யாரும் பூ என்றே எண்ணுவதில்லை. தாவரவியலார் இதைத் தென்னிந்தியாவின் செடியாகவே பதிந்திருக்கிறார்கள். வைணவக் கோயில்கள் சிலவற்றில் இதன் பெயரால் தவனோற்சவமே நடக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்துக்காரர் பாடிய ஆஸ்டர் இது என்று கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பெரியம்மாவிடம் திரும்பப் போய்ச் சொன்னேன். "மரிக்கொழுந்தா? ரெண்டு கொத்து ஊடால வச்சாத்தான் மாலைக்கே உசுரு. அதுக்குப் பாட்டு வேற இருக்கா?" என்று வியந்தார்.

தவனம் வளர்ப்பது எளிதல்ல. அதற்கும் காரணம் அதன் பிறவிதான். விதை தூசி போல இருக்கும். பழைய விதை முளைக்காது. அந்த வருடத்து விதையே வேண்டும். மணலோடு கலந்து தூவி, மேலே மண் மூடாமல், பூவாளியால் தெளிக்க வேண்டும். அடைமழை தாங்காது. நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்த பிறகு, கார்த்திகை கடைசியில் விதைத்தால், பனியும் இளவெயிலுமாக இருக்கும் மார்கழி தையில் வளர்ந்து மாசி பங்குனியில் வாசம் கட்டும். நீர் தேங்கக்கூடாது, நிழலும் கூடாது. இதையெல்லாம் செய்தும் கருகிப் போகிற செடிகள் உண்டு. தப்பிய ஒரு செடி போதும், மாடிப்படி முழுக்க மணக்கும்.

ஆனால் தவனம் பாத்தி கட்டி வளர்க்கும் செடி. என் அண்ணன் மகள் கேட்டது காட்டு ஆஸ்டர், யாரும் விதைக்காமல் தானே நிற்பது. அதற்கு ராஜபாளையத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

காலி மனைகளில் முதலில் கண்ணில் பட்டவை எல்லாம் விருந்தாளிகள். கேந்தி மெக்சிகோ. தென்காசிப் பக்கம் சுந்தரபாண்டியபுரத்தில் கூட்டம் கூட்டமாகப் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்களே அந்தச் சூரியகாந்தி வட அமெரிக்கா; எண்ணெய்ப் பயிராக இங்கே வேரூன்றியது 1969இல் ரஷ்ய விதைகள் வந்த பிறகு. வெட்டுக்காயப் பூண்டு எங்கள் ஊர்ச் செடி என்றே நான் வளர்ந்தேன். விழுந்து எழுந்தால் அதைக் கசக்கிச் சாறு பிழிந்து விடுவார்கள். எங்கள் ராஜபாளையமும் பக்கத்துச் சத்திரப்பட்டியும் கட்டுத்துணி நெய்து ஊர் ஊராக அனுப்பும் ஊர்கள். காயத்துக்குத் துணியும் இங்கே, பச்சிலையும் இங்கே என்று பெருமையாக இருக்கும். ஆனால் தாவரவியலார் லின்னேயஸ் 1753இல் அதைப் பதிந்தபோது மெக்சிகோவின் வேரக்ரூஸைத்தான் அதன் இடமாகக் குறித்தார். பட்டாம்பூச்சிகளுக்கு அந்தக் கணக்கு தேவையில்லை, வெட்டுக்காயப் பூண்டில் எப்போதும் நாலைந்து உட்கார்ந்திருக்கும். அதை நான் பிடுங்குவதில்லை.

பார்த்தீனியம் வேறு கதை. அதுவும் இதே குடும்பம். 1950களில் புனேயில் கவனத்துக்கு வந்து, பிறகு நாடு முழுக்கப் பரவியது. தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும். கேரட் இலை போன்ற இலையைக் கண்டதும், வெள்ளைப் பூ வருமுன், கையுறை போட்டு வேரோடு எடுத்துவிட வேண்டும். அந்தச் செடியிடம் எனக்கு இரக்கம் இல்லை.

அடுத்தது கரிசலாங்கண்ணி. என் தேடலில் மிகவும் சிக்கலான இடம் இதுதான்.

கரிசலாங்கண்ணியை நம்முடையது அல்ல என்று சொல்லத் துணிபவர் யார்? சாற்றில் துணியை நனைத்துக் காயவைத்து, திரியாக்கி எரித்து, அந்தக் கரியில் கண்மை செய்தவர்கள் நம் பாட்டிமார். வள்ளலார் நாள்தோறும் உண்ணச் சொன்ன கீரை. மலையாள நாட்டில் திருவாதிரைக்குப் பெண்கள் தலையில் சூடும் தசபுஷ்பம் பத்தில் ஒன்று. அந்தப் பத்தில் ஆஸ்டர் குடும்பம் மூன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்: கரிசலாங்கண்ணி, பூவாங்குறுந்தல், முயல்செவி. எங்கள் மேற்கு மலையைத் தாண்டினால் அந்த நாடுதான்.

இருந்தும், அயல் தாவரங்களைத் தொகுக்கும் இன்றைய பட்டியல்கள் சில வெள்ளைப் பூக் கரிசலாங்கண்ணியின் தாயகம் அமெரிக்கக் கண்டம் என்கின்றன. பழைய மருத்துவ நூல்கள் பேசும் செடி எது, எந்தச் செடி எப்போது எந்தப் பெயருக்குள் புகுந்தது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. முயல்செவியும் இப்படித்தான்: ஒரு பட்டியல் அமெரிக்கா என்கிறது, இன்னொன்று ஆசியாவும் ஆப்பிரிக்காவும் சேர்ந்த பழைய உலகம் என்கிறது. கண்டத்துக்குக் கண்டம் தானாகவே பரவக்கூடிய களைச்செடிக்குப் பிறப்புச் சான்றிதழ் எழுதுவது எளிதல்ல. இன்னும் பின்னால் போனால் குடும்பம் முழுவதுமே தென்னமெரிக்கப் பக்கம் தோன்றியது என்பதே ஆய்வாளர்களின் கருத்து. பட்டகோனியாவில் கிடைத்த ஒரு புதைபடிவப் பூவுக்கு வயது சுமார் 4.75 கோடி ஆண்டு. அவ்வளவு பின்னால் போனால் எந்த வீட்டுக்காரனும் வந்தேறிதான். ஆகவே, நம் பழைய எழுத்திலும் வாழ்க்கையிலும் வேரோடியிருக்கிறதா, இந்த மண்ணின் மழைக்கும் வெயிலுக்கும் தன் வாழ்நாளை ஒத்துப்போக வைத்திருக்கிறதா என்ற இரண்டையும் அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

மஞ்சள் கரிசலாங்கண்ணியில் விவாதம் இல்லை. அது ஆசியச் செடி. பொற்றலைக் கையாந்தகரை என்று சித்த வைத்தியர்கள் போற்றுவது. சிக்கல் நாற்றங்காலில் இருக்கிறது. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்ற பெயர் எழுதிப் பல இடங்களில் விற்கப்படுவது வெடேலியா என்னும் அமெரிக்கப் படர்கொடி. பூங்காக்களிலும் சாலை நடுத்திட்டுகளிலும் தரை மூடுவதற்காகப் போடுவார்களே, அதுதான். உலகின் மிக மோசமான நூறு ஊடுருவிகள் என்று இயற்கைப் பாதுகாப்பு அமைப்பினர் தொகுத்த பட்டியலில் இடம்பெற்ற செடி. இதைக் கீரை என்று நம்பி வாங்கிச் சமைக்கிறவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. பார்த்தால் தெரியும்: வெடேலியாவின் இலை தடித்து, மினுமினுத்து, மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணி இலை ஒடுங்கி நீண்டு, மடல் பிரியாமல், தொட்டால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். வயலோரத்தில் வளர்த்துவரும் ஒரு நாட்டு வைத்தியரிடம்தான் எனக்கு நல்ல கொடி கிடைத்தது. கணுவுக்குக் கணு வேர்விடும் என்பதால் ஒரு சாண் துண்டு போதும். பாத்திரம் கழுவும் நீர் ஓடுகிற, அரை நிழல் விழும் மூலையில் பதித்துவிட்டால் பிறகு கவனிக்க வேண்டியதே இல்லை.

செடிகளைப் பெயர் சொல்லிப் பிரித்தறிய எனக்குத் துணையாக இருந்தவர்கள் இரண்டு பேர், இருவரும் இன்று இல்லை. ஒருவர் ஸ்காட்லாந்துக்கார மருத்துவர் ராபர்ட் வைட். 1830களில் பாளையங்கோட்டையில் படைப்பிரிவோடு இருந்தபடி குற்றாலமலைச் செடிகளைச் சேகரித்தவர். அவர் 1834இல் வெளியிட்ட நூலில் இந்தியாவின் ஆஸ்டர் குடும்பம் முழுவதையும் ஜெனீவாவின் தாவரவியலார் தெ கந்தோல் ஆராய்ந்து எழுதினார். வைட்டுக்காகச் செடிகளைத் தீட்டிய ரங்கையா, கோவிந்து என்னும் ஓவியர்களின் கோடுகளில் இலையின் நரம்புகூடத் தப்பாது. இன்னொருவர் பாதிரியார் கே. எம். மேத்யூ. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் தாவரத் தொகுப்பகத்தை 1967இல் தொடங்கி, தமிழகச் சமவெளியின் செடிகளைக் களத்திலேயே பார்த்துப் பதிந்து, 1980களில் பெருந்தொகுதிகளாக அச்சிட்டவர். கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் அந்தத் தொகுதிகளை விரித்து வைத்துக்கொண்டு, "நீங்க வேலி ஓரமாத் தேடுறீங்க. கண்மாய்க்குள்ள போய்ப் பாருங்க சார்" என்றார்.

கண்மாய்க்குள் என்ன என்பதற்கு அவர் சொன்ன பெயர் கொட்டைக்கரந்தை.

கரந்தை! அந்தப் பெயரைத் தமிழ் வகுப்பில் படிக்காதவர் உண்டா? கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களில் ஒன்று. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கப் போகும் வீரர் சூடும் பூ. தொல்காப்பியம் அதை வெட்சித் திணைக்குள் வைத்துப் பேசும். பின்னால் ஐயனாரிதனார் புறப்பொருள் வெண்பாமாலையில் கரந்தைக்குத் தனிப் படலமே வகுத்தார். திணையின் பெயராகத் தேர்வுத்தாளில் எழுதினேனே தவிர, அது ஒரு செடி, எங்கள் ஊர்க் கண்மாயில் முளைக்கும் செடி என்று எந்த ஆசிரியரும் பிடுங்கிவந்து காட்டவில்லை. கரந்தை என்பது திருநீற்றுப்பச்சை என்று கொள்வோரும் உண்டு. கொட்டைக்கரந்தையே என்று கொள்வோர் பலர். எந்தப் பக்கம் நிற்பது என்று செடியைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று நினைத்தேன்.

தை கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் நீர் வற்றிக்கொண்டிருந்த ஒரு கண்மாயில் இறங்கினேன். கரையோரம் நெல் அறுத்த தாள், அப்பால் வெடிக்கத் தொடங்கிய வண்டல், அதில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ஆடு மேய்த்தவரிடம் கேட்டேன். "கொட்டக்கரந்தையா? இந்தா, கால்ல மிதிச்சுக்கிட்டு நிக்கிறீகளே அண்ணாச்சி" என்றார். குனிந்து பார்த்தால் எங்கும் அதுதான். ஒரு சாண் ஒன்றரைச் சாண் உயரம், தரையோடு விரிந்த கிளைகள், தண்டின் இருபக்கமும் பல்பல்லாக வெட்டிய விளிம்பு இறகு கட்டியது போல ஓடுகிறது. ஒவ்வொரு கிளை நுனியிலும் சிறு நெல்லிக்காய் அளவுக்குச் சிவப்பும் ஊதாவும் கலந்த உருண்டை. அந்த உருண்டையைப் பிரித்தால் பூக்கொத்துகளின் கொத்து: சூரியகாந்தி போன்ற தலைகள் பலவற்றைப் பொடியாக்கி ஒரே பந்தாகச் சேர்த்தது போன்ற அமைப்பு. கிள்ளி முகர்ந்தேன். உறைப்பும் இனிப்புமாக ஒரு நெடி, கை கழுவிய பிறகும் போகவில்லை.

புறநானூற்றில் ஆவூர் மூலங்கிழார் பாடிய 261ஆம் பாட்டு எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. ஆநிரையை மீட்டுத் தந்துவிட்டு நடுகல்லான ஒருவனைப் பற்றிய பாட்டு. அதில் நறுமணமுள்ள கரந்தைப் பூவை இளம்பசுவின் முலைக்கு ஒப்பிடுகிறார். இன்னும் கன்று ஈனாத பசுவின் மடிக்காம்பு, திரண்டு, நுனி மழுங்கி, இளஞ்சிவப்பாக இருக்கும். கையில் இருந்த பூவும் அப்படியே இருந்தது. கதிர்கதிராக நீளும் திருநீற்றுப்பச்சைப் பூவுக்கு அந்த உவமை பொருந்தாது. மாடு வளர்த்தவன் கண்ணால் பார்த்துச் சொன்ன உவமை அது, அவன் நின்ற இடமும் இப்படி ஒரு நீர் வற்றிய மேய்ச்சல் தரையாகத்தான் இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாடு மேயும் தரையில் பூப்பதால்தான் மாட்டை மீட்கப் போனவன் அதைச் சூடினான். இது என் எண்ணம். ஆனால் அந்த வண்டலில் நின்றால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

அண்ணன் மகளுக்கு அன்று இரவே எழுதினேன்: நம் ஊர் ஆஸ்டர் கிடைத்துவிட்டது, அதன் பெயர் கரந்தை.

இதை வீட்டில் வளர்க்க நினைப்பவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். காட்டுக்குள் போய்ச் செடி பிடுங்காதீர்கள். செண்பகத்தோப்பும் மேற்கே உயரும் மலையும் சாம்பல்நிற அணில் சரணாலயம்; 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம். அங்கே ஒரு இலை எடுப்பதும் குற்றம். தேவையும் இல்லை, வயல்வெளியிலும் கண்மாயிலும் கொட்டிக் கிடக்கிறது. மாசி பங்குனியில் உருண்டைகள் காய்ந்து பழுப்பாகும்போது சிலவற்றை மட்டும் பறித்து, காகிதப் பையில் போட்டு வைத்தால் விதை.

கண்மாய் எப்படி நடந்துகொள்கிறதோ அப்படித் தொட்டியை நடத்த வேண்டும். எல்லாத் தோட்டக் குறிப்புகளும் மணல், செம்மண், தொழுவுரம் சம அளவு என்பார்கள். கரந்தைக்கு அது வேண்டாம். அகலமான, ஆழம் குறைந்த தொட்டியில் வண்டலோ கரிசல் மண்ணோ நிரப்பி, ஐப்பசி கார்த்திகை மழையில் நன்றாக ஊற விடுங்கள். சில நாள் நீர் நின்றாலும் பரவாயில்லை. மழை ஓய்ந்து மேல்மண் சேறு பதத்துக்கு இறங்கும்போது விதையை உதிர்த்துத் தூவி லேசாக அழுத்திவிட்டால் போதும். முளைத்த பிறகு நாளுக்கு நாள் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். முழு வெயில் வேண்டும். உரம் போட்டால் இலை பெருத்துப் பூ குறையும். பங்குனி வெயிலில் செடி காய்ந்து போகும். அதற்காக வருந்தி நீர் ஊற்றாதீர்கள், அதன் ஆயுள் அவ்வளவுதான். தொட்டியை அப்படியே வெயிலில் விட்டுவிடுங்கள். விழுந்த விதை அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

கரந்தைக்கு அருகில் நான் விட்டுவைத்திருப்பவை இரண்டு. ஒன்று பூவாங்குறுந்தல், நெய்ச்சட்டிப் பூடு என்றும் சொல்வார்கள். ஒல்லியான சாம்பல் பச்சைத் தண்டு, நுனியில் குஞ்சம் குஞ்சமாக ஊதாப் பூ. என் அண்ணன் மகள் அனுப்பிய படத்திலுள்ள ஆஸ்டரின் நிறத்துக்கு மிக நெருங்கியது இதுதான். இதை யாரும் நடுவதில்லை. சுவர் ஓரத்தில் முளைத்ததைக் களை என்று பிடுங்காமல் இருந்தாலே வளர்ப்பது ஆகிவிடுகிறது. காற்றில் பறக்கும் விதைக்கு வெள்ளைப் பஞ்சு உண்டு. ஒரு செடி இருந்தால் மறுவருடம் தெரு முழுக்க இருக்கும். அதனால் பூ உதிரும் தறுவாயில் பாதித் தலைகளைக் கிள்ளிவிடுகிறேன். இன்னொன்று முயல்செவி. தண்டைத் தழுவிக்கொண்டு நிற்கும் இலையும் தூரிகை முனை போன்ற இளஞ்சிவப்புப் பூவும் கொண்டது. இதைச் சிலர் கீரையாகச் சேர்க்கிறார்கள். ஈரலைக் கெடுக்கக்கூடிய ஆல்கலாய்டுகள் இதில் உண்டு என்பது சோதனையில் தெரிந்த விஷயம். ஆகவே கண்ணுக்கு வளருங்கள், வாய்க்கு வேண்டாம். கரந்தையும் கரிசலாங்கண்ணியும்கூட மருந்தாகும்போது சித்த மருத்துவரைக் கேட்டுத்தான்.

பட்டாம்பூச்சி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், கேள்வி அங்கிருந்துதானே வந்தது. நம் பக்கமும் பட்டாம்பூச்சிகள் வலசை போகின்றன. மோனார்க்கின் உறவுக்காரர்களான நீலவரியன் வகைகளும் வெண்புள்ளிக் கருப்பன்களும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் சமவெளியிலிருந்து மேற்குமலை நோக்கிக் கூட்டமாகப் பறப்பதை ராஜபாளையத்தில் எவரும் பார்க்கலாம். அந்த நேரத்தில் கரந்தை பூக்காது. பூவாங்குறுந்தல் பூத்திருக்கும். பெரிய பட்டாம்பூச்சிகள் தாண்டிப் போய்விட, நகத்தளவு நீலச்சிறகிகள்தான் அதில் அதிகம் உட்காருகின்றன. கரந்தைக்கு வருபவை தை மாசியில், பெரும்பாலும் தேனீக்கள்.

அண்ணன் மகள் அடுத்துக் கேட்டிருப்பது விதை. வெளிநாட்டுக்கு விதையை நினைத்தபடி அனுப்பிவிட முடியாது, அனுப்பவும் கூடாது. வெடேலியா இங்கு வந்து செய்ததைக் கரந்தை அங்கே போய்ச் செய்துவிடக் கூடாது என்று எழுதிவிட்டேன். அடுத்த தையில் ஊருக்கு வருகிறேன் என்றாள். அதற்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பக்கத்துப் பள்ளியில் தமிழ் ஆசிரியராக இருக்கும் ஒருவர், புறத்திணை நடத்தும்போது வெட்சி முதல் தும்பை வரை செடிகளைத் தொட்டியில் வைத்துக் காட்ட விரும்புகிறார். வெட்சியும் தும்பையும் அவரிடம் இருக்கின்றன. கரந்தை விதையை நான் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். வஞ்சிக்கு எந்தச் செடியை வைப்பது என்று இருவரும் தேடிக்கொண்டிருக்கிறோம்.